ஆடியில் காய்ச்சிய பால்

வீடுகள் கட்டி முடிந்து, வெள்ளையடித்து, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அக்னஸுக்கு வயிறு எரிந்தது அதனால்தான். கட்டாமலே விட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. குடிசை வாசலில் உட்கார்ந்து இட்லிக்கு மாவாட்டும்போது நிமிர்ந்து பார்த்தால், ரயில் பாதைக்கு அந்தப்புறம் மேட்டில் அந்த வெள்ளைச் சுவர்கள் வரிசையாகக் கண்ணில் படும். குனிந்தால் காவிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் கரையோரக் குடிசைகள் மொத்தமும் போயின. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே, உங்களுக்கு மேட்டில் நல்ல வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். சொன்னபடி கட்டியும் விட்டார்கள். இல்லையென்று சொன்னால் பாவம். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஓட்டுக் கூரை, நாலு வீட்டுக்கு ஒரு குழாய் என்று நாற்பது வீடுகள். குலுக்கல் போட்டு, யாருக்கு எந்த வீடு என்று ஒதுக்கீட்டுச் சீட்டும் கொடுத்தாயிற்று. அக்னஸுக்கு விழுந்தது ரோட்டோரம் முதல் வீடு. கொடுக்காமல் வைத்திருந்தது சாவியை மட்டும்தான்.

சாவியை மந்திரி கையால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைகாசியில் வருவதாக இருந்தார், வேறு ஊரில் வேறு விழா வந்துவிட்டது. ஆனியில் தேதி குறித்துப் பந்தல்கால்கூட நட்டார்கள், அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பந்தல்கால் மட்டும் நின்றது, அதில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடைச் சந்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இட்லி விற்பவள் அக்னஸ். அவள் சட்னியைவிட வாய் காரம் என்று சந்தே சொல்லும். அன்றைக்குக் கூடை காலியானதும் வீட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுத் திட்ட ஆபீசுக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளர் சௌரிராஜன் இருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருகிறவர். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் இரண்டு பேனா. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலே இருப்பவர்கள் சொன்னதற்கு ஒரு புள்ளி கூடவும் செய்யமாட்டார், குறையவும் செய்யமாட்டார், அவ்வளவுதான்.

"சாவி எப்ப சார்?" என்றாள் அக்னஸ், கூடையைக் கீழே வைக்காமலே.

"ஆவணியிலே."

"ஆத்துல தண்ணி ஏறுது சார். ஆடி முடியறதுக்குள்ள எங்க குடிசைக்கு வந்துரும்."

"நான் என்னம்மா பண்ணட்டும்? ஆடியிலே யாராவது புது வீட்டுக்கு முகூர்த்தம் வைப்பாளா? மந்திரியே ஆவணி பொறந்தப்புறம்தான் வரேன்னு சொல்லிட்டார்."

"மந்திரி மேடையில நாள் கிடையாது, நட்சத்திரம் கிடையாதுன்னு பேசறாரே சார்?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சௌரிராஜன் சிரிக்கவில்லை. "அது மேடை," என்றார்.

"எனக்கு ஆடியும் இல்ல, அமாவாசையும் இல்ல சார். நான் அந்தோணியார் கோயிலுக்குப் போறவ. என் வீட்டையாச்சும் திறந்து விடுங்க. என் வீட்டுக்காரரு படுக்கையில கிடக்கறாரு."

"ஒனக்கு ஆடி இல்லேன்னா சரி. அங்க முக்கால்வாசிப் பேருக்கு உண்டே. ஒருத்திக்கு ஒரு சட்டம் போட முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். நல்லதுக்குத்தான் சொன்னார். "சொன்னாக் கேளு. விழாவுக்கு முன்னாடி யார் உள்ள காலை வச்சாலும் அவா ஒதுக்கீடு ரத்துன்னு உத்தரவு. ரத்தானா அப்புறம் இந்த ஜென்மத்துக்குக் கிடைக்காது."

திரும்பும் வழியில் அக்னஸ் மேட்டுக்குப் போனாள். தன் வீட்டைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்ற ஆசைதான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளாடு அவளைத் திரும்பிப் பார்த்தது. அடுப்படியில் இன்னும் இரண்டு கிடந்தன. தரை முழுக்கப் புழுக்கை.

காவல்காரன் ஆண்டி வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, உங்க ஆட்டுக்கும் ஒதுக்கீடு ஆயிருக்கா?"

ஆண்டி பீடியை அவசரமாகக் கீழே போட்டான். "மழை வந்துச்சும்மா, அதான் ஓரமா..."

"குலுக்கல்ல எந்த நம்பரு விழுந்துச்சு உங்க ஆட்டுக்கு? மந்திரி வந்து சாவி கொடுத்தாரா? ஆடின்னு அது ஒண்ணும் சொல்லலியா?"

அக்னஸுக்கோ கோபம் பாதி, அழுகை பாதி. ஆட்டுக்குக் கிடைத்தது தன் புருஷனுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டாள்.

அவள் புருஷன் செபஸ்தியான் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் லோடுமேனாக இருந்தவன். மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பு போனது. அதிலிருந்து கயிற்றுக் கட்டில்தான். போன வெள்ளத்தில் அந்தக் கட்டிலோடு நாலு பேர் மார்பளவு தண்ணீரில் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "நாலு பேரு தூக்கிட்டுப் போயும் உசுரோட திரும்பி வந்தவன் திருச்சியிலயே நான் ஒருத்தன்தான்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரிப்புக்குப் பின்னால் இருந்ததை அக்னஸ்தான் அறிவாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில், ஈரச் சிமெண்டுத் தரையில், ஊரே தாண்டிப் போகும் இடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். முதுகில் புண் வந்தது. தண்ணீர் வடிந்தும் புண் ஆறவில்லை. அவள்தான் தினமும் கழுவித் துணி மாற்றுகிறாள்.

மறுநாள் காலையில் தண்டோரா போட்டுக்கொண்டு வந்தான் ஒருவன். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டார்கள், கரையோரத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னான்.

"பள்ளிக்கூடமா?" என்றான் செபஸ்தியான். அவன் சிரிக்காமல் இருந்தது அக்னஸுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தடவை பள்ளிக்கூடம் இல்ல," என்றாள். "நம்ம வீட்டுக்குப் போறோம்."

குழாயடியில் பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். ரோசரியும் மற்ற அந்தோணியார் கோயில்காரப் பெண்களும் உடனே தலையாட்டினார்கள். ஆனால் கரையில் அவர்கள் வீடு பத்துக்குள்தான். மற்றவர்கள் எல்லாரும் மாரியாயி முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்துக் குடிசைக்காரி மாரியாயி. ஒற்றைப் பசுவை வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஆடி என்றால் வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் காதோலை கருகமணி விட்டு, அம்மனுக்கு ஒரு குறையும் வைக்காதவள். அவள் வராமல் ஒரு வீடும் நகராது.

"ஆடியில குடிபோனா குடும்பம் விளங்காது, அக்னஸு," என்றாள் மாரியாயி. "என் நாத்தனா போனா. வருஷம் திரும்பல, தாலி போச்சு. கண்ணால பார்த்தவ நான். வீரமலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

வீரமலை அவள் புருஷன். பக்கத்திலேயே, வேறு யாரோ சாகப்போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி பல் குத்திக்கொண்டிருந்தான்.

"அப்ப தண்ணி உள்ள வரட்டும்னு உக்காந்திருப்பியாக்கா?"

மாரியாயி பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு அவள்தான் வழி சொன்னாள்.

"உனக்கு ஆடி இல்லதானே?"

"இல்ல."

"அப்ப நாப்பது வீட்டுலயும் மொதப் பாலை நீ காய்ச்சிடு. மொதப் பால் காய்ச்சினவதான் குடிபோனவ. நாங்க குடிபோகல. உன் வீட்டுக்கு விருந்தாளியா வந்து தங்கறோம். விருந்தாளிக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? ஆவணி பொறந்ததும் எங்க வீட்டுக்கு நாங்களே பால் காய்ச்சிக்கறோம்."

குழாயடியில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வாசல் ஆடிக்குள் இருப்பது இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லையே என்று ஆளாளுக்கு மாரியாயியைக் கொண்டாடினார்கள். பாலும் தானே தருவதாக அவள் சொல்லிவிட்டாள்.

செபஸ்தியான் மட்டும் கட்டிலில் கிடந்தபடி அக்னஸைக் கூப்பிட்டான். "ஏ புள்ள, யோசிச்சியா? எல்லா வீட்டுலயும் நீ பால் காய்ச்சினா, சட்டத்தை மீறி உள்ள நுழைஞ்சவ நீ ஒருத்திதான். மத்தவங்க விருந்தாளி. ரத்து பண்ணினா நம்ம வீட்டைத்தான் பண்ணுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"என்னங்க, நான் மாட்டேன்னா அவங்க யாரும் வரமாட்டாங்க. ஆத்துல நிப்பாங்க. பேசாம இருங்க, சட்டையைப் போட்டு விடறேன்."

நடுப்பகலில், எல்லோரும் பார்க்க, கட்டிலை முன்னால் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டினார்கள். பின்னால் சட்டி பானை, கோழிக்கூடை, அம்மிக்கல், மாரியாயியின் பசு. ஆண்டி எதிரே வந்து கையை விரித்து நின்றான்.

"திறக்கக் கூடாதும்மா. என் வேலை போயிடும்."

"ஆட்டுக்குத் திறந்த கையால எங்களுக்கும் திறங்கண்ணே. இல்லேன்னா ஆட்டை இங்கேயே கட்டி வைக்கறேன். மந்திரி வந்து ஆட்டுக்கிட்ட சாவி கொடுக்கட்டும்."

ஆண்டி சாவிக்கொத்தை எடுத்தான். அவனும் கரையோரத்தில் வளர்ந்தவன்தான், அவனுக்கும் உள்ளே மனசு இருந்திருக்க வேண்டும். தானே புழுக்கையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தும் கொடுத்தான்.

முதல் வீட்டில் மூன்று செங்கல்லை வைத்து அக்னஸ் நெருப்பு மூட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு பாலை வைத்தாள். பொங்கியது. செபஸ்தியானுக்கு முதல் வாய் கொடுத்தாள். அவன் புதுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். "காஞ்சிருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான், அவளுக்கு அது போதும். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை பால். ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரி வெளியே நின்று, பால் பொங்கியதும், "உள்ள வரலாமா, அக்னஸு?" என்று கேட்டாள். "வாங்கக்கா, வாங்க" என்று அக்னஸ் கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது வீட்டுக்கும் அவள் எஜமானி ஆகியிருந்தாள். கைகளில் சூடு பட்டுக் கொப்புளம் போட்டிருந்தது.

மறுநாள் காலையில் காவிரி குடிசைகளுக்குள் வந்துவிட்டது. மேட்டிலிருந்து பார்த்தார்கள். செபஸ்தியானின் கட்டில் போட்டிருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று.

பத்து மணிக்கு சௌரிராஜன் வந்தார், ஒரு போலீஸ்காரரோடு. முகம் சிவந்திருந்தது. யாரோ மேலிடத்தில் அவரை நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே அக்னஸ் வீட்டு வாசற்படியில் ஏறினார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க சார். வீடு இது," என்றாள் அக்னஸ்.

"விழா நடந்தாத்தான் வீடு. அதுவரைக்கும் இது கவர்ன்மெண்ட் கட்டடம்," என்று சொல்லிவிட்டுச் செருப்போடு உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் வீடு வீடாகப் போனார். எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில். நாங்க விருந்தாளிங்க சார், பால் காய்ச்சினது அக்னஸு. வீரமலை இன்னும் ஒரு படி மேலே போய், "வீட்டுக்காரம்மா அங்க இருக்காங்க, அவங்களைக் கேளுங்க" என்றான். சௌரிராஜன் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிவப்பு தணிந்து, ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. நாற்பது பேரை வெளியேற்றுவது எப்படி என்று பயந்து வந்தவருக்கு ஒரே ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

"நாப்பது ஆத்துலேயும் பால் காய்ச்சினது நீதானா?"

"ஆமாங்க சார். நான்தான்."

"அப்போ மத்தவா எல்லாம் வெள்ளத்துக்கு ஒதுங்கினவா. அவாளை நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒன் ஒதுக்கீடு ஒண்ணை ரத்து பண்ணினாப் போறும்." பேனாவை எடுத்தார். "வருத்தமாத்தான் இருக்கும்மா. நான் சொன்னப்போவே கேட்டிருக்கலாம். ஒன் ஆம்படையானைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிண்டு போகச் சொல்லு."

போலீஸ்காரர் கட்டில் பக்கம் ஒரு அடி வைத்தார். அக்னஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"ரத்து பண்ணுங்க சார். தாராளமாப் பண்ணுங்க. ஆனா இந்தக் கட்டிலைத் தொடாதீங்க. தண்ணி வடியறவரைக்கும் இவரு இந்தச் சுவத்துக்குள்ளதான் இருப்பாரு. அந்த வராந்தாவுல அழுகின முதுகை நாலு வருஷமாக் கழுவறவ நான். நீங்க ஒரு நாள் கழுவிப் பாருங்க, அப்புறம் பள்ளிக்கூடம்னு சொல்லுங்க."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. விருந்தாளி என்று சொன்ன வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. அந்தச் சொல் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரியாயி வந்தாள். கையில் பால் சட்டி. வந்த வேகத்தில் பால் தளும்பி அவள் சேலையில் கொட்டியது.

"சார், இங்க வாங்க," என்றாள். "என் வீட்டுக்கு வாங்க. நல்லாப் பாருங்க."

அவள் வீடு அடுத்த வீடுதான். செங்கல் மேல் சட்டியை வைத்தாள். தீப்பெட்டியை உரசினாள், அணைந்தது. மறுபடி உரசினாள்.

"வேணாம்க்கா," என்று பின்னால் வந்த அக்னஸ் அவள் கையைப் பிடித்தாள். "உனக்கு ஆடி இருக்கு."

"சும்மா இரு. நான் சொன்ன யோசனைக்கு உன் வீடு போறதா? அம்மன் என்ன கண்ணில்லாதவளா?" மாரியாயி கையை உதறினாள். நெருப்பு பற்றியது. அவள் சௌரிராஜனை நேராகப் பார்த்தாள். "என் பேரு மாரியாயி. வீரமலை பொஞ்சாதி. எனக்கு ஆடி உண்டு. இருந்தும் காய்ச்சறேன். எழுதிக்கங்க."

பால் அவசரப்படவில்லை. சின்ன நெருப்பு, ஈர விறகு. சௌரிராஜன் போயிருக்கலாம், போகவில்லை. மாரியாயியின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் அடுப்பைவிட்டு அவள் அசையவில்லை. வீரமலை பல்குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, பெண்டாட்டிக்குப் பக்கத்தில் குந்தி விறகைத் தள்ளிவிட்டான். சாவுக்குப் பயந்தவனாக அன்றைக்கு அவன் தெரியவில்லை. சட்டியின் விளிம்பில் நுரை கட்டியது. ஏறியது. பொங்கி நெருப்பில் வழிந்து சுர்ரென்றது.

அந்தச் சத்தத்தில் சௌரிராஜன் குனிந்து தன் காலைப் பார்த்தார். பெருமாளே என்று முனகியபடி பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்தார். அதற்குள் மூன்றாவது வீட்டில் புகை கிளம்பியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி, பால் இல்லாமல் போனாலென்ன என்று அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி ஏற்றிக்கொண்டிருந்தாள். "என் பேரையும் எழுதுங்க சார்" என்று வாசலுக்கு வாசல் குரல் வந்தது. அவரிடம் பேனா இரண்டு இருந்தது. இரண்டையும் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டார்.

"நாப்பது பேரையும் ரத்து பண்ணினா அப்புறம் நான் யாருக்கு விழா வைக்கறது?" என்று போலீஸ்காரரிடம் சொன்னார். போலீஸ்காரர் கேட்காமலே மாரியாயி அவர் கையில் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டாள்.

ஆவணியில் விழா நடந்தது. வாழைமரம், மைக்செட், பத்திரிகை போட்டோக்காரர் எல்லாம் வந்தாயிற்று. அன்றைக்கு மட்டும் எல்லோரும் வெளியே நின்று, புதிதாக வருகிறவர்கள் மாதிரி சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. மந்திரி அதை வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். தட்டில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனபோது, கதவு உள்ளேயிருந்து திறந்தது.

அக்னஸ் நின்றாள். கையில் இட்லி மாவு. பின்னால் கட்டிலில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி செபஸ்தியான் கும்பிட்டான்.

"வாங்கய்யா. செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க," என்றாள் அக்னஸ். "வீடு."

மந்திரி சௌரிராஜனைத் திரும்பிப் பார்த்தார். சௌரிராஜன் ஏற்கனவே வெறுங்காலோடு நின்றிருந்தார். போட்டோக்காரர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் மந்திரியும் செருப்பைக் கழற்றினார். ஆனாலும் அனுபவப்பட்ட மனிதர். உள்ளே வந்து ஆறிப்போன அடுப்பையும் கரி படிந்த சுவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எப்பம்மா குடிவந்தீங்க?"

அக்னஸ் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலிலிருந்து மாரியாயியின் குரல் வந்தது. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஆடியிலங்க ஐயா. நாங்க எல்லாருமேதான்."